பூதலூரின் நாற்பதும் பூம்புகாரின் முப்பத்தைந்தும்

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்.

தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, கைப்பேசியை எடுத்து வெப்பநிலை பார்த்தது. இருபத்தெட்டு டிகிரி.

"என்னங்க, இருபத்தெட்டுதான்!" என்றேன்.

"இன்னும் சரியா விடியவே இல்ல. அதுக்குள்ள மார்க் போட ஆரம்பிச்சிட்டியா வசந்தா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என் கணவர் நடராஜன். முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் எண்ணைப் பார்க்காதே என்றால் எப்படி?

நாங்கள் கோயில் குளம் சுற்ற வரவில்லை. வீடு பார்க்க வந்தோம். எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. போன மே மாதம் சென்னையில் ஒருநாள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்த மனுஷன் கரண்டியோடு அப்படியே தரையில் சரிந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. "உடம்புச் சூடு வெளியே போக மாட்டேங்குது. இன்னொரு தடவை இப்படி விழுந்தா எழுந்திருப்பார்னு நான் உறுதி சொல்ல முடியாது. வெயில் கம்மியான ஊராப் பார்த்துப் போயிடுங்க" என்றார் டாக்டர். ஏ.சி. அறையில் கிடக்கலாம்தான். ஆனால் அடுப்படியில் நிற்காமல், தெருவில் நாலு பேரோடு பேசாமல் எத்தனை நாள் ஒரு மனுஷரை அறைக்குள் பூட்டி வைப்பது? மலை ஊர்கள் எங்கள் பென்ஷனுக்கு எட்டாது. ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு மறுபடியும் மே வந்துவிட்டது. கையில் இரண்டு வீடுகள் இருந்தன. மேற்கே பூதலூரில் ஒன்று, கிழக்கே பூம்புகாரில் ஒன்று.

காலை எட்டு மணி. பழைய பேருந்து நிலையத்திலிருந்து பூதலூருக்கு டவுன் பஸ். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவருக்குப் பதினைந்து ரூபாய், எனக்கு இலவசம். கண்டக்டர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மே மாசத்துல பூதலூரா? யாருங்க உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உளுந்து பிடுங்கிய வயல்கள் வெளுத்துக் கிடந்தன. எங்கோ ஒரு போர்வெல்லைச் சுற்றி மட்டும் கோடை நெல் பச்சையாக நின்றது.

பூதலூர் வீடு செல்வியுடையது. சென்னையில் நர்சிங் படித்த மூன்று வருஷமும் எங்கள் மாடியில் தங்கியிருந்த பெண். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். அவள் இன்று தஞ்சாவூரில் நர்ஸ், சொந்தமாக மாடி வீடு. அந்த மாடியைத்தான் எங்களுக்குத் தருகிறேன் என்றாள். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.

"வாங்கம்மா, வாங்க சார். எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. கூலர்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன். மத்தியானம் போட்டுக்கிட்டுப் படுங்க, நாளைக்குக் காலைல வந்துர்றேன்" என்று சொல்லி, ஸ்கூட்டியில் பறந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு அனல் காற்று கிளம்பியது. உதடு வெடித்தது. அவர் துவைத்துப் போட்ட பனியன் இருபது நிமிஷத்தில் அப்பளம் போலக் காய்ந்து கொடியில் ஆடியது. கைப்பேசியைப் பார்த்தேன். நாற்பது! உடனே கூலரைப் போட்டேன். ஜன்னல்கள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. "என்ன பொண்ணு இது, கூலரை வச்சுட்டு ஜன்னலத் திறந்து போட்டிருக்கு" என்று முணுமுணுத்தபடி இரண்டையும் சாத்தி, கதவிடுக்கில் துண்டு வேறு சுருட்டி வைத்தேன். ஏ.சி. வீட்டுப் புத்தி.

முதல் கால்மணி நேரம் சொர்க்கம். பிறகு ஆரம்பித்தது. காற்று கனத்தது, தலையணை ஈரமானது, சுவரில் கை வைத்தால் பிசுபிசுத்தது. இரண்டு மணிக்கு அவர் மூச்சு வாங்க எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். முகம் சிவந்திருந்தது.

"போதும், இந்த ஊர் வேண்டாம்" என்றேன். சாயந்திரம் ஆறு மணிக்கே வெக்கை இறங்கிக் காற்று வீசியது. மொட்டைமாடியில் அவர் போர்வை கேட்டுப் படுத்தார். கோபத்தில் இருந்த நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. விடிந்ததும் செல்வி வருவதற்குள், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். தாராசுரத்தில் பஸ் சற்று நின்றபோது ஜன்னலோரம் வந்த அம்மாளிடம் இருபது ரூபாய்க்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம். உப்பு மிளகாய்த்தூள் தடவித் தந்தார். அதைத் தாண்டியதும் வாழையும் தென்னையும் நெருங்கின. கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் சேலை முதுகோடு ஒட்டத் தொடங்கியது அங்கேதான். மயிலாடுதுறையில் பஸ் மாறி, இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் போய், மூன்று மணிக்குப் பூம்புகார்.

கடலைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. மறைப்பானேன், எனக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான நாளிலிருந்து கடற்கரையில் ஒரு வீடு என்று அவரை அரித்துக்கொண்டிருப்பவள் நான். அன்று கடல்காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. கைப்பேசி முப்பத்தைந்து என்றது. வீடு, என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருடையது. வாடகை ஐயாயிரம். சாவியைக் கொண்டுவந்து தந்தவர் கலியபெருமாள். மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டும் வேலை அவருக்கு.

"எப்படிங்க இருக்கு?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஜோரா இருக்கு. உனக்குப் பிடிச்சிருக்குல்ல?" என்றார். அப்புறம் என்ன? முப்பத்தைந்து நாற்பதைவிடச் சின்னது. கணக்கு முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

திங்கள் காலை ஏழரைக்கு, "கரையில ஒரு நடை போய்ட்டு வர்றேன்" என்று போனவர் பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று கிளம்பிய பிறகுதான் வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பார்த்தாயா, கடற்கரை எப்படி ஒத்துக்கொண்டுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய், காலை பத்தரை மணி. ஓலைகூட அசையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே வியர்வை கழுத்தில் வழிந்தது. அவர் மறுபடியும் நடக்கப் போயிருந்தார். மோர் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டு போனேன். கரையில் இல்லை. டீக்கடையில் இல்லை. கலியபெருமாளைக் கேட்கலாம் என்று ஐஸ் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், உடைத்த ஐஸ் குவியலுக்கும் மீன்பெட்டிகளுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல், சட்டையில்லாமல், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருக்கிறார் என் வீட்டுக்காரர்!

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"நேத்தும் காலைலேர்ந்து இங்கதாங்க இருந்தாரு. வெளிய உக்காந்தா மூச்சு முட்டுதுன்னாரு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்னுட்டாருங்க" என்று கலியபெருமாள் தலையைச் சொறிந்தார்.

"ஏங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்க, கடல் கடல்னு. உன் மூஞ்சியப் பார்த்தேன், சொல்ல மனசு வரல. வெயில் மூணு மாசம்தானே வசந்தா, இந்தக் கொட்டகையிலயே ஓட்டிரலாம்னு பார்த்தேன்."

பாவி மனுஷா! மீன்நாற்றத்தில் உட்கார்ந்து உயிரைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கடல் வாங்கித் தரப் பார்த்திருக்கிறார். நான் அங்கேயே அழுதேன். கலியபெருமாள் பார்க்காததுபோல் ஐஸ் உடைக்கத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் கொடியைப் பார்த்தேன். முந்தின நாள் துவைத்த பனியன் இன்னும் ஈரமாகவே தொங்கியது. அப்போதுதான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. பனியன் காயாத ஊரில் மனுஷர் முதுகு மட்டும் எப்படிக் காயும்? வியர்வை காய்ந்தால்தானே உடம்புச் சூடு இறங்கும்? கைப்பேசி காற்றின் சூட்டை மட்டும்தான் சொன்னது. அவர் உடம்பு படுகிற பாட்டை நான்தான் பார்த்திருக்கவேண்டும். ஆனால் பூதலூரிலும் அவருக்கு மூச்சு வாங்கியதே? செல்வியைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா சொல்லாமப் போயிட்டீங்க? கூலர் நல்லா ஓடலயா?"

"நல்லா ஓடுச்சும்மா. ஜன்னல், கதவு, இடுக்கு எல்லாம் அடைச்சுட்டுத்தான் படுத்தோம்."

"ஐயையோ, ஜன்னலச் சாத்துனீங்களா? அது ஏ.சி. இல்லம்மா, ஈரக்காத்து வெளிய போகணும். நீங்க சாரை இட்லி மாதிரி அவிச்சிருக்கீங்க!" என்று கத்தினாள். நர்ஸ் அல்லவா, உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "மொதல்ல சாரைக் கூட்டிக்கிட்டு வாங்க. உச்சி வெயில்ல இறங்காம, தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தாருன்னா இங்க தாங்கிடுவாரு. அவருக்கு ஆகாதது புழுக்கம். ஆத்துல தண்ணி விட்டு நடவு வந்தா இங்கயும் கொஞ்சம் ஈரம் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா காத்து நிக்காது."

சாயந்திரமே கிளம்பினோம். போகும்போது நான் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். "மார்கழியில வந்து பத்து நாள் இருப்போம்" என்றார் அவர். இருக்கலாம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

புதன்கிழமை, பூதலூர், மதியம் இரண்டு மணி. கைப்பேசியில் நாற்பத்தொன்று. கூலரை ஜன்னலோரம் தள்ளி வைத்து, எதிர் ஜன்னலைச் செல்வியே திறந்துவிட்டுக் கீழே போயிருந்தாள். நான் அரை மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் அடுப்படிக்குள் நுழைந்து மேடையை அளந்தார்.

"அடுப்பு கிழக்குப் பக்கம் இருக்கட்டும்" என்றேன்.

"கிழக்குப் பக்கமா? ஜன்னல் காத்துல அணைஞ்சு அணைஞ்சு போகும். இத்தனை வருஷமா சமைக்கிறது நானா நீயா?"

"அதுக்காக வாசப்படிக்கு நேராவா வைப்பாங்க?"

"வைப்பாங்க! உனக்கு அளக்கத்தான் தெரியும், தாளிக்கத் தெரியுமா?" குரல் கூரையைத் தொட்டது. நானும் விடவில்லை. கால்மணி நேரம் சளைக்காமல் நின்றபடி கத்தினார். நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, முகம் சிவக்கவில்லை.

சத்தம் கேட்டுச் செல்வி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "என்னம்மா, வந்த அன்னிக்கே சண்டையா?"

"ஆமாம்மா" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போன கோடையிலும் இந்தக் கோடையிலும் நான் எது சொன்னாலும் மதியத்தில் "சரி, சரி" என்று சுவரில் சாய்ந்துகொண்டவர் இவர். எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்திருக்கிறார் என்பதை நான் பணிவென்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"வீடு எங்களுக்குத்தான் செல்வி. அடுப்ப அவர் சொல்ற இடத்துலயே வைக்கட்டும்" என்றேன்.