என் காதில் தகடு இல்லை

தொண்ணூறுகளில், பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட ஏஜென்ட் வந்திருந்தார். மாட்டின் காதில் அடையாளத் தகடு மாட்டிவிட்டு, "அம்மணிக்கும் ஒரு மெடிக்கல் பாலிசி போட்டுரலாங்களா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"அவளுக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறா."

நானும் சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷமே எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கோயமுத்தூரில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும், அந்தச் செலவுக்காக மாட்டை விற்றோம். ஆஸ்பத்திரியில் கண் கலங்காத மனிதர், மாட்டுக் கயிற்றைக் கைமாற்றும்போது தேம்பி அழுதார். தையல் வலியோடு நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மாட்டுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்த வீட்டில், எனக்கு ஒன்று ஆகலாம் என்று நானே நினைத்திருக்கவில்லை.

என்னை நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"மாடு போயிருச்சுங்க."