ரசமட்டமும் காஜா அக்காவின் ஜன்னலும்

எங்கள் தெருவில் அந்த அம்மாளுக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார்கள் சுவர் மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் கட்டை, அதுதான். பெயர் வைத்தது நான் இல்லை, எதிர்ச்சாரி பூட்டுக் கடைக்காரர். ஆனால் ஊர் முழுக்கப் பரப்பியது நான்தான், அதை மறைப்பானேன். அந்த அம்மாள் என் கடைப் பலகையில் இரண்டு அங்குலத்தை வெட்டச் சொன்ன கோபம் எனக்கு.

எங்கள் தெரு சாதாரணத் தெரு இல்லை. ரயில் நிலையத்திலிருந்து மாநகர மண்டபத்துக்கு நேராகப் போகும் வழி. வெளியிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் முதலில் பார்ப்பது எங்கள் மூஞ்சியைத்தான். அதனால் இதற்கு வரவேற்புச் சாலை என்று பெயர் சூட்டி, ஒரு சட்டப் புத்தகமே போட்டார்கள். சுவர்களுக்கெல்லாம் ஒரே இளமஞ்சள். கடைப் பலகை ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் கூடாது. மாடியில் துணி காயப்போடக் கூடாது. எல்லாக் கட்டடத்துக்கும் தெருப்பக்கம் ஒரே உயரம்; உயரம் போதாதவர்கள் பின்னால் ஒன்றுமில்லாமல் வெறும் சுவரை மட்டும் எழுப்பி, அதில் பொய் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். மரச் சட்டம், இரண்டு கதவு, கொண்டி எல்லாம் இருக்கும். திறந்தால் செங்கல். ஜன்னல்கள் மூலையிலிருந்து இத்தனை அடிக்கு ஒன்று என்று ஒரே வரிசையில் ஓட வேண்டும். இதையெல்லாம் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அந்த அம்மாளின் வேலை.

என் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. வாசலில் ஒரு பெரிய தகரக் கண்ணாடி தொங்கவிட்டிருந்தேன், அப்பா காலத்தது. தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, எடுங்கள் என்றார். "அது என்ன பண்ணுச்சு உங்களை?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல. பத்து அங்குலம் நீட்டிட்டிருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் என்று அன்று முடிவுகட்டினேன்.

அது முழு உண்மை இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த அம்மாளின் அப்பா கொத்தனார். மகள் படித்து, அந்த அலுவலகத்தில் அளவெடுக்கும் பிரிவுக்குப் போன முதல் பெண். முதல் வருஷம் ஒரு வரைபடத்தில் அரை அங்குலம் பிசகியதற்கு, "பொம்பளை அளவு" என்று சொல்லி நாலு பேர் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அந்த அம்மாள் பிசகவே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். அவர் கணவர் ஒருமுறை கண்ணாடிக்கு வந்தபோது சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு என்னைப் பார்த்து அவ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா சார்? மீசை இடது பக்கம் ஏறியிருக்குங்கன்னா."

என் கடைக்கு நேர் எதிரே மூலைக் கட்டடம். அதன் இரண்டாம் மாடியில், ஒற்றை ஜன்னல் உள்ள ஒற்றை அறையில் காஜா அக்கா இருந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, தையல்காரர்கள் கொடுத்துவிடும் சட்டைகளுக்கு நாளெல்லாம் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பாள். தெருவுக்கே காவல் அவள்தான். "தம்பி, பூட்டைத் தொங்க விட்டுட்டுப் போறே, சாவி அதிலேயே இருக்கு!" என்று மேலேயிருந்து குரல் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் அவள் ஜன்னலுக்குள் நேராக விழும். நுணுக்கமான வேலையெல்லாம் அந்த நேரத்துக்கென்று எடுத்து வைத்திருப்பாள்.

அந்த ஜன்னலை அளக்க ரசமட்டம் வந்த அன்று, அவருடைய உதவியாள் வரவில்லை. காய்ச்சலாம். மாநகர மண்டபத்துக்கு ஒரு பெரிய விருந்தாளி வருவதற்கு இருபது நாள்தான் பாக்கி, காத்திருக்க முடியாது. காஜா அக்காவின் கையில் நூலைக் கொடுத்து, ஜன்னல் சட்டத்தின் ஓரத்தோடு பிடித்துத் தூக்குக்குண்டைக் கீழே விடச் சொன்னார். குண்டு நடைபாதைக்கு வந்து நின்ற இடத்தில், சுவரோரக் கல்லில் உளியால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "கண்ணாடிக்காரரே, கொஞ்சம் டேப் முனையைப் பிடிக்கிறீங்களா? சுவர் மூலையில வச்சுப் பிடிச்சாப் போதும்."

போனேன். பலகையை வெட்டியவருக்கு உதவி செய்வதில் எனக்கு ஒரு பெருமை, பாருங்கள் என் பெருந்தன்மையை என்று. துணி டேப். முனையில் பித்தளை வளையம். அதை மூலையில் அழுத்திப் பிடித்தேன். அந்த அம்மாள் குறிக்குப் போய்க் குனிந்து பார்த்து, மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, "ஏழு" என்றார். எட்டு இருக்க வேண்டும். ஒரு அடி குறைச்சல்.

மேலேயிருந்து காஜா அக்கா கூவினாள். "என்னங்கம்மா, இந்த வயசுல என்னைப் பட்டம் விட வச்சுட்டீங்க!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துப் படம் போட்டு, பூட்டுக் கடையில் பலகையை அளக்கப் போய்விட்டார். அரை மணி கழித்து வெளியே எட்டிப்பார்க்கிறேன், நூல் இன்னும் தொங்குகிறது. காஜா அக்கா அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "தம்பி, விட்டுடலாமான்னு கேளேன், கை கடுக்குது" என்றாள். "விடுக்கா, அவங்க எப்பவோ போயாச்சு" என்றேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லையே என்று அன்றைக்கே எனக்கு எரிச்சல்.

உத்தரவு வந்தது: ஜன்னலை வலப்பக்கம் ஒரு அடி நகர்த்த வேண்டும். அந்த இடத்துக்குப் பின்னால் அடுத்த அறையின் குறுக்குச் சுவர் வந்து முட்டுகிறது. அங்கே நிஜ ஜன்னல் வைக்க முடியாது. வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார், ஒரு அடி தள்ளிப் பொய் ஜன்னல் ஒன்றை ஒட்டினார். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, செலவும் குறைவு.

அடைக்கிற அன்று காஜா அக்கா ரசமட்டத்தைக் கெஞ்சினாள். நானும் மாடியில்தான் இருந்தேன். "ஒரு அடிதானேம்மா. யாரும்மா பார்க்கப்போறாங்க? எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"உங்களுக்கு விட்டா அடுத்தவங்களுக்கும் விடணும்மா. ஒரு அடி ஒரு அடிதான்" என்றார் அந்த அம்மாள். கையை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார்.

விருந்தாளி வந்தார். எங்கள் தெருவை நாலு நிமிஷத்தில் கடந்தார். கார்க் கண்ணாடி கறுப்பு. உள்ளே அவர் பார்த்தாரா, தூங்கினாரா, கடவுளுக்கே வெளிச்சம்.

அந்த வருஷத்தில் காஜா அக்காவுக்கு மூன்று முறை கண்ணாடி மாற்றினேன். குண்டு பல்பின் கீழே வேலை. ஒவ்வொரு முறையும் பவர் ஏறியது. மூன்றாவது கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "நல்லா தெரியுது தம்பி. செங்கல் நல்லா தெரியுது" என்றாள். பதினோராவது மாதம் போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்றார்கள். எனக்கு அது காய்ச்சல் என்று தோன்றவில்லை.

அதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. போன மாதம் ரசமட்டம் என் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்று ஒரு வருஷமாம். தலை முழுக்க வெள்ளை. நெற்றி வகிடு மட்டும் அப்படியே நேர்க்கோடு.

"கண்ணை நல்லா பாருங்க" என்றார். பார்த்தேன். அந்த வயசுக்கு அப்படி ஒரு கண்ணை நான் கண்டதில்லை. கடைசி வரிசை எழுத்தைக் கடகடவென்று படித்தார். "ஒரு குறையும் இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் இறங்கிப்போனது. "குறை இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

பிறகு எதிரே இருந்த பொய் ஜன்னலைக் காட்டினார். மணி நாலு. வெயில் அதன்மேல் விழுந்திருந்தது. "அதுலேர்ந்து நூல் தொங்குது. உங்களுக்குத் தெரியுதா?"

"இல்லையேம்மா."

"எனக்குத் தெரியுது. குண்டு ஆடாம நிக்குது. மேல கை தெரியுது. மணிக்கட்டு வரைக்கும்தான். மூணு மாசமா தினம் வந்து பார்க்கிறேன். விடவே மாட்டேங்குறா."

ஏதோ உளறினேன், மனப்பிரமை, தூக்கம் போதவில்லை என்று. அந்த அம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை.

"முன்னெல்லாம் இந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் கிடையாது. இப்பப் பார்த்தா அந்த ஜன்னல் வரிசையில உட்காரல. தள்ளி நிக்குதுன்னு கண்ணு சொல்லுது. ஆனா என் புத்தகத்துல ஏழுன்னு இருக்கு. அன்னிக்கு ஏழுதான்னா நான் செஞ்சது சரி. அவளுக்குக் கஷ்டம்தான், பாவம்தான், ஆனா சரி. அதை வச்சுக்கிட்டு நான் இருந்துடுவேன். ஏழு இல்லேன்னா..." நிறுத்திவிட்டார்.

"டேப் பொய் சொல்லுமாம்மா?" என்று கேட்டேன். சமாதானத்துக்குத்தான் கேட்டேன்.

"டேப்பு சொல்லாது. அது பழைய டேப்பு, முதல் அடி இழுபட்டுத் தேஞ்சு போயிருக்கும். அதனால நாங்க வளையத்துல பிடிக்கவே மாட்டோம். ஒண்ணுங்கிற கோட்டுலதான் பிடிக்கிறது. வர்ற அளவுல ஒண்ணைக் கழிச்சுடுவேன். என் ஆள் இருபது வருஷமா அப்படித்தான் பிடிப்பான், சொல்லவே வேண்டியதில்ல."

அன்று வந்தது அவருடைய ஆள் இல்லை. நான். பித்தளை வளையத்தை மூலையில் அழுத்திப் பிடித்த கட்டைவிரலில் அந்தக் குளிர்ச்சி ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. அன்று உதவியாளுக்குக் காய்ச்சல் என்பதே இப்போது அந்த அம்மாளுக்கு நினைவில்லை. வளையத்திலிருந்து வந்த எட்டில் அன்று பழக்க தோஷத்தில் ஒன்றைக் கழித்திருக்கிறார். ஜன்னல் எட்டில்தான் இருந்தது. வரிசையில்தான் இருந்தது.

மேசையில் கிடந்த ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். அந்த அம்மாளே பையிலிருந்து டேப்பை எடுத்தார். அதே டேப். "குறி இன்னும் கல்லுல இருக்கு. ஒரே ஒரு தடவை அளந்துடலாம். முனையைப் பிடிக்கிறீங்களா?"

போய் நின்றேன். கையில் டேப். ஒன்று என்ற கோடு கண்முன்னே இருக்கிறது. அதில் பிடித்தால் உண்மை வந்துவிடும். வளையத்தில் பிடித்தால் மறுபடியும் ஏழு வரும், அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். பாதி இரக்கம்தான், மீதி என் பயம். வளையத்தில் பிடித்தேன்.

அவர் குறியில் குனிந்தார். "எட்டு. ஒண்ணு போக, ஏழு." சொல்லிவிட்டு அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு, "ஏழு, ஏழு" என்றார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அப்போதே கையை விட்டுத் தொலைத்திருக்க வேண்டும். விட்டிருந்தால் டேப் கீழே விழுந்து, எதில் பிடித்தேன் என்பது தெரியாமலே போயிருக்கும். மரம் மாதிரி நின்றேன். அவர் எழுந்து, டேப்பைச் சுற்றிக்கொண்டே என்னை நோக்கி நடந்து வந்தார். முப்பது வருஷத்தில் யாருக்கும் காட்டாத ஒரு சிரிப்பு முகத்தில். என் கையைப் பிடித்து நன்றி சொல்லத்தான் வந்தார். ஏழு, ஆறு, ஐந்து என்று எண்கள் கூட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்று என்ற கோடும் உள்ளே போனது. டேப் இன்னும் மிச்சம் இருந்தது.

நின்றார். என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அன்னிக்கு யாரு பிடிச்சது?"

"நான்தாம்மா."

"இப்படியா?"

"இப்படித்தான்."

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரும்பி அந்தப் பொய் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். மாடியில் இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடுகிற குரலில், சத்தமாகச் சொன்னார்: "பிடிச்சது போதும்மா. அளந்தாச்சு. கையை விட்டுடு."

மறுவாரம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நகல் எனக்குக் காட்டினார். ஜன்னல் சரியான இடத்தில் இருந்தது, அடைத்தது தன் பிழை, திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். டேப் பிடித்தவர்மேல் தவறில்லை, எதில் பிடிக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்று ஒரு வரி. என் பெயரோ தொழிலோ அதில் இல்லை. பதில் இரண்டே வரியில் வந்தது: வரவேற்புச் சாலையின் ஜன்னல்கள் யாவும் விதிப்படி உள்ளன, மேல்நடவடிக்கை தேவையில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மாளுக்கு நூல் தெரியவில்லையாம். தூக்கமும் வருகிறதாம். நேற்று அவர் கணவர் வந்து சொன்னார். நல்லது என்றேன். அவர் போனதும் மேசையைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மணி நாலாகப்போகிறது. என் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிதான். எல்லாக் கண்ணாடியிலும் அந்த ஜன்னல் தெரிகிறது, அதிலிருந்து நூல் தொங்குகிறது.