ஸ்க்ரூடிரைவரும் என் காதும்

இன்று காலை வீட்டுக் கார் ஷெட்டில் பைக்கின் வால்வு மூடியைக் கழற்றியதும் எழுந்த பழைய ஆயில் வாசம், மல்லசமுத்திரத்தில் இப்போது கோழித்தீவன குடோனாகிவிட்ட எங்கள் தறிக்கொட்டகையின் மூலைக்கு என்னை இழுத்துப் போனது. அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கும் மாதங்களில் அவருடைய பைக்குக்கு அக்காதான் மெக்கானிக். வால்வு இடைவெளிக்குள் அளவு பார்க்கச் சவர பிளேடை விட்டு எடுத்து, மேலிருக்கும் இரும்புக் கையை அவள் ஆட்ட, தறிகள் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே நான் ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து, அந்த 'டிக்' சரியென்று தலையாட்டிய பிறகுதான் நட்டை முடுக்குவாள். "உன்ற காதுதான், சாமி, அளவு" என்பாள்.

அந்தக் காதை நம்பி இன்று பிளேடுகூட இல்லாமல் முடுக்கி ஸ்டார்ட் செய்தேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம். நான் முதலில் ஓடியது இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி. அப்புறம்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அட, நீ காது வெக்கறதுக்கு முன்னாலயே பிளேடுல அளந்து நட்டை முடுக்கிருவேன்டா. உன்னைய ஒரு எடத்துல உக்கார வெக்கோணுமில்ல? இல்லீன்னா ஸ்பேனரத் தூக்கிட்டு ஓடிருவ."

இத்தனை வருடமாகத் தெருவிலுள்ள வண்டிகளுக்கெல்லாம் காது வைத்துத் தீர்ப்புச் சொன்னவன் நான். ஸ்க்ரூடிரைவரை மறுபடி காதில் வைத்தேன். பாழாய்ப்போன காது இன்னும் 'சரி' என்றுதான் சொன்னது.