மாப்பிள்ளைக் குதிரையின் பூர்வீகம்

எங்கள் போடியில் பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் ஊருக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரிப்பார்கள். போகிறவன் தான் யார் என்று மூச்சுவிடக் கூடாது. முடிவெட்டும் கடையில் குந்தி, ஒரு டீயை ஒரு மணி நேரம் குடித்து, துணி வெளுக்கிறவரிடம் பேச்சுக்கொடுத்து, பையன் குடிப்பானா, கை நீட்டுவானா, வேறெங்கும் தொடுப்பு உண்டா என்பதையெல்லாம் கறந்துகொண்டு வரவேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஏலக்காய் மண்டி ஒன்றில் கடிதம் எழுதும் வேலையிலிருந்த எனக்கு இந்தக் கலையில் நல்ல பேர். என் ஒரு வார்த்தையில் நான்கைந்து கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன. அந்தக் கர்வத்தில் பஜாரில் நடந்தால் எனக்குக் கால் தரையில் பாவாது.

அப்பேர்ப்பட்ட என்னை முதலாளி ஒரு குதிரைக்கு விசாரிக்க அனுப்பினார்.

குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறியபோது அவருடைய குதிரையை முதலாளி வாங்கிவிட்டார். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, இடது தோளில் பிறைபோல ஒரு தழும்பு. சென்னையில் பந்தயம் ஓடி ஓய்வுபெற்றது என்பதற்கு மேல் துரை ஒன்றும் சொல்லவில்லை. முதலாளியின் ஒரே மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை கம்பத்தில் ஒரு பெரிய வீட்டுப் பையன். ஊரில் மற்றவர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு ஜட்கா வண்டிக் குதிரையை அவிழ்த்துவந்து பூப்போட்டு நிறுத்துவார்கள். எங்கள் முதலாளி வீட்டில் ரேசுக் குதிரை நிற்கப்போகிறது.

"வம்சம் தெரியாத குதிரை மேல மாப்ளைய ஏத்துனா நாலு பேரு என்ன பேசுவாங்க? அப்பன் ஆத்தா யாரு, என்ன கப்பு வாங்குச்சு, எல்லாத்தையும் வெசாரிச்சுட்டு வெரசா வா தம்பி" என்றார்.

"மாப்பிள்ளை வீட்டப் பத்தி வெசாரிக்க வேணாமா மொதலாளி?"

"பெரிய எடம்ப்பா அது. நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாது."

குதிரைமூலம் மட்டும் பார்க்கலாம் போலிருக்கிறது. இதைச் சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஏலக்காய் மூட்டை வந்தால் மேல்வாயில் தெரியும் பச்சையைப் பார்த்து மயங்கவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடிச்சரக்கை அள்ளி, ஒவ்வொன்றாக நகத்தால் பிளந்து, உள்ளே இருக்கும் விதையரிசியைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார். மகள் விஷயத்தில் மட்டும் மேல்வாயே போதுமென்றிருந்தார்.

மதுரைக்குப் போய் அங்கிருந்து ராத்திரி ரயிலில் சென்னை போனேன். பந்தயத் திடல் ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். துரையின் பெயரைச் சொன்னதும் தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிப் பிரித்தார். அதில் குதிரையின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பாட்டியின் அப்பா வரை பெயர் இருந்தது. எங்கள் மண்டித் தெருவில் பலருக்குத் தாத்தாவுக்கு மேலே பெயர் தெரியாது. கேட்டால் மட்டும் நேராகப் பாண்டிய மன்னரிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

"என்ன கப்பு வாங்குச்சுங்க?" என்று கேட்டேன்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு தடவை நாலாவதா வந்திருக்கு. மத்தபடி ஓடிச்சு, அவ்வளவுதான்."

அதன் உடம்பிலிருந்த அடையாளங்களையும் அந்தப் புத்தகம் ஒன்றுவிடாமல் சொன்னது. நெற்றிப் பொட்டு இருந்தது, பின்னங்கால் வெள்ளை இருந்தது. ஆனால் இடது தோளின் பிறைத் தழும்பைக் காணோம். பந்தயத்தை விட்டுப் போகும்வரை அந்தத் தழும்பு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். விசாரணைக்காரனின் மூக்கு வேர்த்துவிட்டது.

ஊர் திரும்பிய கையோடு குரங்கணிக்கு ஏறினேன். துரையிடம் குதிரை பார்த்துக்கொண்டவர் அங்கிருந்து இன்னும் இரண்டு மைல் மேலே, தோட்டத்து லைன் வீட்டில் இருந்தார். தழும்பைப் பற்றிக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"துரைகிட்ட ஒருநாளைக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு சாரே, ஒரு பையன். செங்குத்தா எறங்குற பாதை. ஓடைகிட்ட வந்ததும் இது நின்னுருச்சு. வழுக்குப் பாறைல எந்த மிருகம் கால வைக்கும்? பிரம்பால அடிச்சாரு. பிரம்பு முறிஞ்சு போச்சு. பெறவு இடுப்பு பெல்ட்ட உருவுனாரு. அதோட வளைஞ்ச பக்கிள் தோள்ல பதிஞ்சு சதை தொங்குச்சு. நான் போயிக் கும்பிட்டேன். எனக்கும் ரெண்டு விழுந்துச்சு."

"யாரு அந்தப் பையன்?"

"கம்பத்துப் பெரிய வீட்டுப் பையன்தான். மேல அவுங்களுக்கும் ஏலத்தோட்டம் உண்டே. வைகாசியில கீழ போடியிலதான கல்யாணமாம்?"

இறங்கி வரும்போது என் கால் தாராளமாகத் தரையில் பாவியது.

முதலாளி மண்டியில் தனியாக இருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டு, பக்கிள், ஒன்றையும் விடவில்லை. கேட்டுக்கொண்டே ஓர் ஏலக்காயைப் பிளந்து கடித்தார்.

"முரட்டுக் குதிரைய அடிக்காம முத்தமா குடுப்பாங்க? பத்திரிகை அடிச்சாச்சுப்பா. கப்பு வாங்குச்சா இல்லையா, அதச் சொல்லு."

"நாலாவதா வந்துச்சு."

"அம்புட்டுக் குதிரையில நாலாவதுன்னா லேசா?" என்றவர், மதுரைக்குப் போய் ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கிவரச் சொன்னார். அதில் என்ன எழுத்து வெட்டவேண்டும் என்று யோசித்து எழுதிக்கொடுத்த மகா புத்திசாலி அடியேன்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். அதில் ஒரு பொய்யை வெள்ளியில் வெட்டிவைத்த பெருமை என்னைச் சேரும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பின்கட்டில் முதலாளியின் மகள் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. தழும்பைத் தடவியபடி, "இது எப்படிண்ணே பட்டுச்சு? நீங்கதான எல்லாம் வெசாரிச்சீங்க?" என்று கேட்டது.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். எனக்கு வேலை பெரிதாக இருந்தது. "ரேசுல பட்டதும்மா" என்றேன். நம்பிக்கொண்டது.

கதையாக இருந்தால் மாப்பிள்ளை அழைப்பில் குதிரை அவனை நடுத்தெருவில் தூக்கி எறிந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் கிட்டே வந்ததும் அது நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. "ரேசுக் குதிரைல்ல, கூட்டத்தப் பாத்ததும் துடிக்குது பாரு" என்று ஊர் மெச்சியது. அவன் ஏறி உட்கார்ந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. முன்னால் கோப்பையை ஒருவர் தாம்பாளத்தில் வைத்து ஏந்திக்கொண்டு போனார். நானும் நாதஸ்வரக்காரருக்கு வழிவிலக்கிக்கொண்டு கூடவே போனேன்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்துவந்தார்கள். ஆவணி பிறந்தும் அது கம்பத்துக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கையில் ஏலக்காய் இருந்தது, பிளக்கவில்லை.

"தம்பி, கம்பத்துக்குப் போயி அந்தக் குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் வெசாரிச்சுட்டு வா."

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல். மீதிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பின்கட்டு வழியாகப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். குதிரைப் பக்கத்தில் அந்தப் பெண் நின்றிருந்தது.

"வெசாரிக்கவா போறீங்க? போக வேணாம்ணே" என்றது. வளையல்களை மேலே தள்ளி முன்கையைக் காட்டியது. குதிரையின் தோளில் இருந்த அதே பிறை, கொஞ்சம் சின்னதாக, இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லிருங்க. இது ரேசுல பட்டதுண்ணே."