பென்சில் டிக்

வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் அத்தை சிதம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரி அட்டையில் ஓர் எண்ணும் கூடவே வந்தது. அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எட்டு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம்.

"ஒரு மாசம் பாக்கலாம். ஏறலன்னா கடலூர் பெரியாஸ்பத்திரியில சேத்து ரத்தந்தான் ஏத்தணும்" என்று வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனார். ஊசியைக் கண்டாலே அத்தைக்குக் கை சில்லிட்டுவிடும். அடுத்தவர் ரத்தம் என்றதும் அழுதே விட்டாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அத்தையின் மாத்திரைகளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ஒரு காலண்டர் அட்டையின் பின்புறம் தேதிகள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: சிவப்பு மாத்திரை இரும்புக்கு, வெள்ளை மாத்திரை சுண்ணாம்புச் சத்துக்கு. நேரம் மாலை நாலரை, நான் பள்ளி விட்டு வந்ததும். ஒன்று விட்டுப்போகக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்தேன். விழுங்குவதற்கு அம்மா போட்ட கெட்டிப் பால் டீ. விழுங்கியதும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். அதன் பிறகுதான் நீலப் பேனாவால் டிக்.

மாதம் முடிந்தது. அளவு எட்டுதான்.

"கொல்லையில துப்பிட்டு வந்துட்றியா?" என்றாள் அம்மா.

"ஐயோ அண்ணி, ஒங்க பொண்ணு பல்லு இடுக்கெல்லாம் பாத்துட்டுத்தான் வுட்றா. அவளக் கேளுங்க."

நான் அட்டையை நீட்டினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை. நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டு இன்னொரு மாதம் தவணை கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை நடுப்பகல், கொல்லைப்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்த் துண்டுகள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவப்பு மாத்திரையை எடுத்து, ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே விழுங்கினாள். முந்தைய நாள் மாலை நான் டிக் போட்ட அதே மாத்திரை. கைக்குள் மறைத்துவிட்டு வெறும் நாக்கைக் காட்டியிருக்கிறாள்.

"அண்ணிகிட்ட சொல்லிடாதடி. டீயோட போட்டா கொமட்டிக்கிட்டு வருது. மாங்காயோடன்னா எறங்கிடுது. நாலு நாளா இப்பிடித்தான்."

எனக்குக் கோபம் வந்தது. பட்டியலை மீறிவிட்டாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, நேரம்தான் தவறு. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனாலும் பொய்க்கணக்கு எழுத மனம் வராமல், அன்றிலிருந்து சிவப்புக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் டிக் போட்டேன். அத்தையும் என்னிடம் மறைப்பதை விட்டாள். தினமும் மதியம் மாங்காய், மாலையில் வெள்ளை மாத்திரை மட்டும்.

அடுத்த சோதனையில் அளவு ஒன்பதரை. "இது போதும், இங்கயே பாத்துக்கலாம்" என்றார் நர்ஸம்மா. அத்தை மறுபடியும் அழுதாள், இந்த முறை சிரித்துக்கொண்டே. அம்மா அட்டையை எடுத்து நர்ஸம்மாவிடம் பெருமையாகக் காட்டப் போனாள். "இரும்மா" என்று பிடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடினேன். பென்சில் டிக்குகளை ரப்பரால் அழித்தேன். மேலே நீலப் பேனாவால் போட்டேன். "பொண்ணு எவ்ளோ ஒழுங்கு" என்று நர்ஸம்மா என் கன்னத்தைத் தட்டினார்.

பல வருடங்கள் கழித்து மருந்தியல் வகுப்பில் ஒரு பாடம் வந்தது. தேநீரின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து அதன் வழியை மறிக்கும். புளிப்போ, உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்தில் அதைக் கரைத்து வைக்கும். நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே வந்தவள் மூன்றாவதில் பேனாவை வைத்துவிட்டேன்.

தொண்டையில் இறங்கியதை மட்டுமே என் கட்டங்கள் எண்ணின என்பது அந்தப் பதினொரு வயதுக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் சேர்ந்ததற்கு இருந்த ஒரே கணக்கு அந்தப் பென்சில் டிக்குகள். அட்டை அழகாக இருக்கட்டும் என்று அவற்றைத்தான் அழித்திருக்கிறேன்.