வியாகுலம் நிறுத்திய மூச்சு

யாராவது முடியாது என்று சொன்னால் போதும், அதை முடித்துவிட்டுத்தான் வியாகுலத்துக்குச் சோறு இறங்கும். தூத்துக்குடிக்காரர். போர்ட் பிளேரில் கடலுக்கடியில் சிப்பி எடுக்கும் குளியாளி. 1971இல் அவருடைய நெஞ்சுப் படத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் கடலில் இறங்க அனுமதி கொடுக்கும் ஆபீசில் சண்முகம் என்ற குமாஸ்தா ரிஜிஸ்டரில் அவர் பெயருக்கு எதிரே 'காசநோய்' என்று எழுதிவிட்டார். அன்றோடு கடல் இல்லை. கையில் பேனா இருந்தால் எதையும் எழுதலாமா? எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"காசம்னு யாரு கண்டா? ஊசி குத்திச் சதைய எடுத்துப் பாருங்க சார்" என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முன்னால் வந்து நின்றார் வியாகுலம்.

"மெயின்லேண்டுக்குப் போப்பா. அங்கே பார்ப்பாங்க."

"கப்பல் ஏறுனா, காசக்காரன் ஓடிட்டான்னு சொல்லுவானுவ. இங்கனயே பாருங்க."

டாக்டர் இறங்கிவந்தார். மங்கலான எக்ஸ்ரே திரை இருட்டில் கண்ணுக்குப் பிடிபட வேண்டுமே என்று இருபது நிமிடம் சிவப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கை அணைத்து மெஷினைப் போட்டேன். குப்புறப் படுத்திருந்தவரின் நுரையீரல் திரையில் விரிந்து சுருங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நிழல் ஏறி இறங்கியது. அது அசையாமல் நின்றால்தான் ஊசி போட முடியும்.

"மூச்சைப் பிடி" என்றார் டாக்டர்.

பழக்கதோஷம். கடலில் குதிக்கப் போகிறவர் மாதிரி நெஞ்சு முட்ட இழுத்துவிட்டார் மனிதர். நிழல் சரேலென்று இறங்கி விலா எலும்புக்குப் பின்னால் போய்விட்டது.

"அரே, கெடுத்துட்டியே! இது சரிப்படாது."

"எம்புட்டு வேணும்னு சொல்லுங்க சார். அங்கன நிறுத்துறேன்."

"கொஞ்சம் விடு... இன்னும் கொஞ்சம்... பஸ், போதும்!"

நிழல் ஆணி அடித்தாற்போல் நின்றது. டாக்டர் திரையைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார். முனை நிழலுக்குள் நுழைந்ததை நானும் பார்த்தேன். ஊசி வெளியே வரும்வரை அந்த நிழல் இம்மியும் நகரவில்லை.

எடுத்த சதை கப்பலில் மதராஸ் போயிற்று. புற்றாக இருந்துவிட்டால் என்ற பயத்தில் அந்த ஒரு மாதமும் தினம் என்னிடம் வந்து நின்றார். கடைசியில் காகிதம் வந்தது. காசமும் இல்லை, புற்றும் இல்லை, தீங்கில்லாத கட்டி.

என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சண்முகம் படித்துவிட்டுச் சிரித்தார். "சந்தோஷம். அடியில உங்க பேரைப் புதுசா எழுதிக்கிறேன்."

"புதுசா எழுத நான் என்ன செத்தா பொழச்சேன்? நீங்க எழுதுனத நீங்களே அடிங்க."

"சர்க்கார் ரிஜிஸ்டர்ல அடிக்கக் கூடாதுங்க."

"மனுசன் பேருக்கு நேரா பொய் மட்டும் எழுதலாமாக்கும்?"

சண்முகம் பேனாவை எடுத்து அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டார்.

"இப்ப அடிச்சதுக்குப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார் வியாகுலம்.