ஐம்பத்தெட்டு மொச்சைக்கொட்டைகள்

காளியாயியின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில், 'நல்லதன்று. பிற மாணவிகளை மிரட்டுபவள்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அது பொய். எழுதியவருக்கு அது பொய் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும்.

காளியாயி மன்னவனூருக்கு அப்பால் உள்ள ஒரு மேல்மலைச் சிற்றூரில் பூண்டு விளைவிக்கும் திருமலைச்சாமியின் மூத்த மகள். கொடைக்கானலில் எங்கள் பெண்கள் பள்ளி விடுதியில் தங்கி, பத்தாம் வகுப்பைத் தாண்டி, அப்போது பதினோராம் வகுப்பாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி.க்கு வந்திருந்தாள். அவள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

1957 நவம்பரில் எங்கள் மாணவியர் தலைவி மஞ்சள் காமாலை கண்டு ஊருக்குப் போய்விட்டாள். வழக்கமாகத் தலைமையாசிரியை மிஸ் பார்லோதான் தலைவியை நியமிப்பார். அந்த வருடம் நாட்டில் தேர்தல் நடந்திருந்ததால், நாங்களும் ஓட்டுப் போட்டுப் பழக வேண்டும் என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பிஸ்கட் தகர டப்பாக்கள் வைப்பார்களாம். ஒன்று காளியாயிக்கு, மற்றது ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர் மகள் லீலாவுக்கு. விடுதிப் பெண்கள் ஐம்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு மொச்சைக்கொட்டை போட வேண்டும். லீலாவுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அவள்தான் ஜெயிப்பாள் என்று மிஸ் பார்லோ நினைத்திருந்தார்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி துவைக்கும் தொட்டியடியில் காளியாயி எங்கள் எல்லாரையும் கூட்டினாள்.

அவள் ஊர் வழக்கம் அது. வாய்க்கால் தண்ணீரை முதலில் யார் வயலுக்குத் திருப்புவது, பூண்டு எடுப்பை என்றைக்குத் தொடங்குவது என்று எது வந்தாலும் மந்தைவெளியில் ஊர் கூடும். ஒரு வீடு மறுத்தாலும் கூட்டம் கலையாது. அந்த வீட்டின் குறையைக் கேட்பார்கள், வழி சொல்வார்கள், மறுபடி கேட்பார்கள். கடைசி ஆளும் சம்மதம் என்ற பிறகுதான் எழுந்திருப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் மாறமாட்டார்கள்.

"யாருக்கு யாரு வேணும்னு இங்கேயே பேசிருவோம்" என்றாள் காளியாயி. "தகரத்துல போடுறது அப்புறம். என்னைய வேணாங்கிறவ மொதல்ல சொல்லு."

ஆறாம் வகுப்புக் கண்மணி கையைத் தூக்கினாள். "நீங்க தலைவியானா அடிப்பீங்கக்கா."

"உன்னைய எப்ப அடிச்சேன்?"

"அடிக்கல. ஆனா மொகம் அப்படித்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். காளியாயியும் சிரித்தாள். "மொகத்தை மாத்த முடியாதுடி. வேற என்ன குறை? சொல்லு."

குறை ஈரத்துணிதான். ஐப்பசி மழையும் மூட்டமும் சேர்ந்தால் ஒரு பாவாடை காய நாலு நாள் ஆகும். சமையலறைக்குப் பின்னால் அடுப்புச் சூடு படும் அறை ஒன்று இருந்தது. அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் ஈரப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வகுப்பில் நடுங்கினோம். அந்தச் சாவியைக் கேட்டு வாங்குவது தன் முதல் வேலை என்றாள் காளியாயி. கண்மணி சரி என்றாள்.

கடைசியில் காளியாயி லீலாவிடம் வந்தாள். லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பரிசு குடுக்க வர்ற துரைசானிக்கு முன்னால யாரு இங்கிலீஷ்ல பேசுறது? நீயா?" என்றாள்.

"நீ பேசு. நான் பின்னால நிக்கிறேன்."

"நெசமாவா?"

"தலைவியா இருந்தா எல்லாத்தையும் நானே பேசணுமா என்ன? எனக்கு அம்புட்டு இங்கிலீஷு வராது. வராததை வருதுன்னு நின்னா உங்க எல்லாருக்கும்ல அசிங்கம்."

லீலா கொஞ்ச நேரம் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, "எங்கப்பா நிக்கச் சொன்னாருன்னுதான் நின்னேன். சரி போ, உனக்கே போடுறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மிஸ் பார்லோ லீலாவின் தகரத்தைத் திறந்தார். ஒன்றுமில்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டுக் கொட்டையும் அடுத்த தகரத்தில் கிடந்தன.

அரைமணி நேரத்தில் காளியாயியை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். என் அப்பா பழனியில் தபால் குமாஸ்தா. சிறு வயதிலிருந்தே எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தார். மிஸ் பார்லோவுக்குச் சமையல்காரியிடம் பேசும் அளவுக்குத்தான் தமிழ் வரும். அதனால் இப்படிப்பட்ட நேரங்களில் நான் நடுவில் நிற்பேன்.

லீலாவுக்கு ஒரு கொட்டைகூட விழவில்லையே, எதைச் சொல்லி மிரட்டினாய் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"மெரட்டலைங்கம்மா" என்றாள் காளியாயி. "வேணாம்னவளை எல்லாம் என்ன குறைன்னு கேட்டேன். எங்க ஊர்ல அப்படித்தாங்க. ஒருத்தர் மறுத்தாலும் கூட்டம் கலையாது. தொட்டியடியில எல்லாரும் மனசாரச் சரின்னாங்க. லீலாவைக் கேட்டுப் பாருங்க."

இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். மிஸ் பார்லோவின் முகம் சிவந்திருந்தது. எனக்குப் பயம். "முதல் நாளே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம்" என்று மட்டும் சொன்னேன். அது அவர் காதில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே விழுந்தது. விழுந்ததைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

மிரட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் பரீட்சை எழுதலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. புதன்கிழமை திருமலைச்சாமி மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து, பள்ளி வாசலில் மகளிடம் மன்றாடினார்.

"எழுதிக் குடுத்துட்டு உன் சோலியப் பாரு தாயி. ஒரு காயிதந்தானே."

"நான் மெரட்டுனேன்னு எழுதுனா, இவளுக எல்லாம் மெரண்டு போட்டாளுகன்னு ஆகுதுய்யா. கண்மணி எம்புட்டு நேரம் எங்கூட மல்லுக்கட்டினா தெரியுமா? அவ சொன்ன சம்மதத்தைப் பொய்யின்னு நான் எப்படி எழுதுவேன்?"

அவர் மகளின் தகரப் பெட்டியைக் குதிரைமேல் வைத்துக் கட்டினார்.

நாங்கள் ஐம்பத்தேழு பேரும் வராந்தாவில் நின்றோம். எங்கள் சம்மதத்துக்காக ஒருத்தி படிப்பை விட்டுப் போகிறாள். எங்களை யாரும் மிரட்டவில்லை என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. லீலா அழுதாள். மறுநாள் தலைவியின் பட்டையைக் குத்திக்கொண்டாள். அந்த அறையின் சாவியை யாரும் கேட்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை ஈரத்தைத்தான் உடுத்தினோம். அது எங்களுக்குத் தகும்.

காளியாயி மூன்று வருடம் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துக்கொண்டே படித்து, தனியாகப் பரீட்சை எழுதித் தேறினாள். இந்த வருடம் கிராம சேவிகா பயிற்சிக்கு மனுப் போட்டாள். நடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள். நான் இப்போது அதே பள்ளியில் ஆசிரியை. போன மாதம் என்னைத் தேடி வந்தாள். காபி வேண்டாம் என்றாள். உட்காரவுமில்லை.

"அன்னைக்கு நான் சொன்னதை நீ முழுசாச் சொல்லலைன்னு எனக்குத் தெரியும். நான் அம்புட்டு நேரம் பேசுனேன், நீ ஒரு மூச்சுல முடிச்சே. இப்ப எழுதிக் குடு. இங்கிலீஷ்லயே எழுது."

எழுதினேன். நாலு பக்கம். என் பெயரையும் நான் விட்டதையும் எழுதிக் கையெழுத்திட்டுப் புதிய தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் தமிழர். மேசையருகே நின்றபடியே படித்துவிட்டு, "பழைய பதிவேட்டில் கை வைக்க முடியாதம்மா. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? அடுத்த வருஷம் உங்களை நிரந்தரமாக்கணும்ல?" என்றார்.

அதைக் காளியாயியிடம் சொல்ல நானே மேல்மலைக்குப் போனேன். பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

நான் ஒன்றும் சொல்லாமல்தான் வெளியே வந்திருந்தேன்.

"இப்பவுமா?" என்றாள். பிறகு குனிந்து களையெடுப்பைத் தொடர்ந்தாள்.

நடத்தைச் சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை. அது போய்விட்டது. அந்த நாலு பக்கத்தையும் மறுபடி எழுதி, மாவட்டக் கல்வி அதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அன்று வராந்தாவில் நின்ற மற்ற ஐம்பத்தாறு பேரில் யார் இதைப் படித்தாலும், நீங்களும் எழுதுங்கள்.